தலைவர் விலகுகிறார்

ஷரீப் பாயின் கையில் செம்புக் கம்பி பாதி சுற்றிய மோட்டார் காயில் இருந்தது. எதிரே ஸ்டூலில் மலைச்சாமி உட்கார்ந்திருந்தார். ராயப்பன்பட்டிப் பக்கம் அவருக்கு வாழைத் தோட்டம். கிணற்று மோட்டார் கருகிப்போய், விடிந்ததும் விடியாததுமாக அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வாழை தார் போடுகிற நேரம். தண்ணீர் பாய்வது நின்றால் காய் பெருக்காது.

அப்போதுதான் போன் அடித்தது.

"தலைவரே, சாக்கடை பொங்கிக் கடைக்குள்ள வருது. பூவை எல்லாம் தலைக்கு மேல தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறேன்."

பூக்கடை பவுனு. உத்தமபாளையம் கடைவீதி வியாபாரிகள் சங்கத்துக்கு ஷரீப் பாய்தான் தலைவர். மோட்டார் வைண்டிங் கடை உண்டு, தான் உண்டு என்று இருந்த மனிதர். ஒரு கூட்டத்துக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனார். போய்ச் சேர்வதற்குள் தலைவராக்கிவிட்டார்கள்.

"மூடியைத் திறந்து குத்திவிடச் சொல்லும்மா."

"மூடி மேலதான் கிறிஸ்டோபர் அண்ணன் பேக்கரி ஃப்ரிட்ஜை வச்சிருக்காரு. நகத்துங்கன்னா, வெயிலா இருக்கு, ஜூஸ் குடிக்கிறியாங்கிறாரு."

ஷரீப் பாய் மலைச்சாமியைப் பார்த்தார். "அண்ணே, அஞ்சு நிமிஷம். இந்தா வந்துர்றேன்."

திரும்பி வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கால்சட்டை முழங்கால் வரை நாறியது. ஃப்ரிட்ஜ் இருந்த இடத்திலேயே இருந்தது. ஸ்டூல் காலியாக இருந்தது. சாப்பாடு கொண்டுவந்த மனைவி மதீனா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"மோட்டாரைத் தூக்கிட்டுக் கம்பத்துல வேற கடைக்குப் போயிட்டாரு. நீங்க பாதி சுத்துன காயிலை அங்கன வச்சுட்டாரு."

"இப்ப வந்துருவாருன்னு சொல்லக் கூடாதா?"

"என்னன்னு சொல்ல? எங்க வீட்டுக்காரரு சாக்கடைக்குள்ள இருக்காக, ஏறி வந்துருவாகன்னா?"

ஷரீப் பாய் அந்தக் காயிலைக் கையில் எடுத்தார்.

"ஒண்ணு தலைவரா இருங்க, இல்ல கடைக்காரரா இருங்க. தலைவராத்தான் இருப்பேன்னா இந்தக் கடையை என் தம்பிக்குக் கொடுத்துருவோம். மொபைல் கடை போட இடமில்லாம அலையுறான். மாசா மாசம் வாடகையாவது வரும்."

அடுத்த கூட்டத்தில் எல்லாரும் வந்து உட்காருவதற்குள் ஷரீப் பாய் எழுந்து நின்றார்.

"என்னால முடியலைங்க. நான் விலகிக்கிறேன். வேற யாராச்சும் பாத்துக்கங்க."

ஒருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஜவுளிக்கடை விஜயபாண்டி எழுந்தார். அவர்தான் செயலாளர்.

"கேட்டீகளா? ஊரெல்லாம் பதவிக்கு அடிச்சுக்கிட்டுக் கிடக்கான். இவரு கையில இருக்கிறதை வேணாங்கிறாரு. இப்பேர்ப்பட்டவருதான்யா தலைவரு."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. எங்கிருந்தோ ஒரு சால்வை வந்தது. ஷரீப் பாய் படியிறங்கும்போது அவருடைய பதவிக்காலம் ஒரு வருடம் நீண்டிருந்தது.

"விட்டுட்டீகளா?" என்றாள் மதீனா.

அவர் சால்வையைக் காட்டினார்.

"தலைகாணிக்கு உறை தைக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

நல்ல தலைவர் என்பதால்தானே விட மாட்டேன் என்கிறார்கள், மோசமான தலைவராகிவிட்டால் அவர்களே துரத்திவிடுவார்கள் என்று ஷரீப் பாய்க்குப் பட்டது. மறுநாளே போனை அணைத்து வைத்தார். அணைத்ததும் ஆட்கள் நேரிலேயே வந்துவிட்டார்கள். விவசாயிகள் உட்காரும் ஸ்டூலில் சங்கத்துக்காரர்கள் உட்கார்ந்தார்கள். மோட்டார் கொண்டுவந்தவர்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ துக்கம் போல என்று எட்டி நின்று திரும்பிப் போனார்கள்.

அவர் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கம்பம் தாண்டிக் கூடலூர் வரைக்கும் போய் ஒளிந்துகொண்டார். அந்த நேரம் பார்த்துக் கடைவீதிக்குள் ஒரு லாரி வசமாக மாட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் கடைக்காரர்களே இறங்கிப் பலகையையும் பந்தலையும் கழற்றி வழிவிட்டார்கள்.

"எல்லாத்தையும் தானே செய்யாம, நம்மளைச் செய்ய வச்சாரு பாத்தீகளா?" என்றார் விஜயபாண்டி. "பொறுப்பைப் பிரிச்சுக் கொடுக்கத் தெரியணும். அதுதான் தலைமை."

இன்னொரு சால்வை வந்தது.

அடுத்து ஃப்ரிட்ஜ் விவகாரம் கடைக்கே வந்தது. பவுனு ஒரு பக்கம், கிறிஸ்டோபர் ஒரு பக்கம். நடுவில் காயில் கம்பியோடு ஷரீப் பாய். அவர் நல்ல எரிச்சலில் இருந்தார். அன்று காலையில் இன்னொரு மோட்டாரும் கம்பத்துக்குப் போயிருந்தது.

"எனக்கு ஒரு எழவும் தெரியாது. அந்த ஃப்ரிட்ஜ்ல பூவை வச்சு வித்தாலும் சரி, ரெண்டு பேரும் சாக்கடையில உருண்டாலும் சரி. என் கடையை விட்டு வெளிய போங்க."

இருவரும் வெளியே இறங்கினார்கள். பிறகு பவுனு கிறிஸ்டோபரிடம் சொன்னாள், "பாத்தீகளாண்ணே, என்ன பேச்சுப் பேசுறாருன்னு."

"மனுசன்கிட்ட மரியாதையே இல்லம்மா," என்றார் கிறிஸ்டோபர். பேசிக்கொண்டே இருவரும் ஒன்றாகத் தெருவில் நடந்துபோனார்கள். சாயங்காலம் ஃப்ரிட்ஜ் நகர்ந்தது. அதன் கீழ்த்தட்டில் மல்லிகைப் பந்துகள் இருந்தன.

"கெட்ட பேரைத் தான் வாங்கிக்கிட்டு ரெண்டு குடும்பத்தைச் சேத்து வச்சுட்டாரு," என்று விஜயபாண்டி டீக்கடையில் கண் கலங்கினார்.

இந்தப் பேச்சு எப்படியோ தேனி வரைக்கும் போனது. விஜயபாண்டியின் மருமகன் வேலை பார்க்கிற கல்லூரியில், 'நல்ல தலைவர் யார்?' என்ற தலைப்பில் பேச ஷரீப் பாயைக் கூப்பிட்டார்கள். அங்கேயாவது மானம் போனால் விட்டுவிடுவார்கள் என்று கிளம்பினார்.

அவர் மேடையேறியதும் கீழே ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "சார், நல்ல தலைவரா ஆகணும்னா என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாதும்மா," என்றார் ஷரீப் பாய், உள்ளதை உள்ளபடி.

கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது. பேராசிரியர் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். வெளியே வந்ததும் மாணவர்கள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். ஒரு பையன் காலைத் தொடக் குனிந்தான்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வீரபாண்டி தாண்டியது. சின்னமனூரில் மேகமலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் சொல்கிறார்கள், அத்தனையுமா பொய்யாக இருக்கும்? தனக்கே தெரியாமல் தன்னிடம் ஏதோ இருக்கத்தான் செய்கிறது. அடுத்த தேர்தலில் கவுன்சிலருக்கு நின்றால்கூட என்ன?

மதீனாவுக்குப் போன் போட்டார்.

"நான் விலகலை மதீனா. இந்த ஊருக்கு நான் வேணும்."

"அப்பச் சாவியை என் தம்பிகிட்ட கொடுத்துரவா? இங்கனதான் நிக்கிறான்."

"கொடுத்துரு," என்றார் ஷரீப் பாய். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

உத்தமபாளையத்தில் இறங்கியதும் அண்ணாந்து பார்த்தார். ஆளுயரத்துக்கு மேல் ஒரு பேனர். அதில் அவர் கும்பிட்டபடி நின்றார். 'எங்கள் நிரந்தரத் தலைவரே' என்று பெரிய எழுத்து. கீழே கடைவீதியில் ஒரு கடை பாக்கியில்லாமல் எல்லார் பெயரும் இருந்தது. படம் மட்டும் பழைய கல்யாணப் படம். ஓரத்தில் யாருடைய தோளோ வெட்டுப்பட்டிருந்தது.

நேரே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார். கம்ப்யூட்டரில் பேனர் தயார் பண்ணுகிற திரிஷா நிமிர்ந்து வணக்கம் சொன்னாள்.

"படத்தை மாத்தணும்மா. இன்னைக்கு எடுத்தது நல்லா வந்திருக்கு," என்று போனை நீட்டினார். "ஆமா, இது விஜயபாண்டி ஏற்பாடா?"

"இல்ல சார், எல்லாரும்தான். பவுனக்கா, கிறிஸ்டோபர் அண்ணன், ஒருத்தர் விடலை."

"என் மேல அவ்வளவு பிரியமா?" ஷரீப் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பேனருக்குப் பங்கு தராதவகதான் அடுத்த தலைவர்னு சங்கத்துல பேசி முடிச்சுட்டாக சார்," என்றாள் திரிஷா, "அதான் நாங்க கடை திறக்கிறதுக்கு முன்னாடியே வந்து வரிசையில நின்னாக."