முப்பத்திரண்டு கழுத்துக்கு ஒரே அட்டிகை

சேசு மரி சூசை

ஆத்தங்கரைத் தோட்டம்,
கோல சிலாங்கூர்.
21 ஏப்ரல் 1952

ராசா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் வேலை பார்க்கும் என் பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் ராஃபேல் அவர்களுக்கு, ஆத்தங்கரை ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி அமலதாஸ் அநேக தோத்திரங்களுடன் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நானும் தங்கள் தங்கை பியாட்ரிஸும் சரீர அளவில் சுகமாக இருக்கிறோம். தங்கள் சுகத்தையும் தங்கள் மகளும் எங்கள் மருமகளுமான இசபெல்லின் சுகத்தையும் அறிய ஆசை. மே பத்தாம் தேதி இசபெல்லின் கல்யாணத்துக்கு வரும்போது, தாங்கள் எங்களிடம் ஒப்படைத்த அட்டிகையை மறக்காமல் கொண்டுவரும்படி எழுதியிருந்தீர்கள். மறக்கவில்லை மச்சான். மூன்று மாதமாக இந்த வீட்டில் வேறு நினைப்பே இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதற வேண்டாம். அட்டிகை பத்திரமாக இருக்கிறது. இரவும் பகலும் துப்பாக்கி பிடித்த இரண்டு பேர் அதைக் காவல் காக்கிறார்கள். ஆனால் அது எங்கள் வீட்டில் இல்லை. தோட்டத்துக் கேட்டில், காவல் கொட்டகையில், ஓர் ஆணியில் தொங்குகிறது. ஏன் தொங்குகிறது என்பதை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். வரிசையாக எழுதுவது என் தொழில், ஆகையால் பொறுமையாக வாசிக்கவும்.

நாற்பத்தெட்டாம் வருஷம் உங்கள் பக்கத்தில் கம்யூனிஸ்ட் காட்டுக்காரர்கள் புகைவீட்டுக்குத் தீ வைத்த வாரத்தில், நீங்கள் அட்டிகையை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்துவந்து, கடல் பக்கம் பயமில்லை, இசபெல் கல்யாணம் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும், அவள் தாய் ஜெனவீவ் விட்டுப்போனது இது ஒன்றுதான், டின்னைத் திறக்கவே வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். நாங்களும் திறக்கவில்லை. ஏழு மாதம் திறக்கவில்லை. எட்டாவது மாதம் சர்க்கார் எல்லாருக்கும் அடையாளக் கார்டு கொடுப்பதற்காகப் போட்டோ பிடிக்கிறவரைத் தோட்டத்துக்கு அனுப்பியது. உங்கள் தங்கை கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "ஏங்க, இந்த மூஞ்சி சர்க்கார்கிட்ட காலத்துக்கும் இருக்கப்போவுது. வெறுங்கழுத்தோட போயி உக்காரவா?" என்றாள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று அவளிடமே கேட்டுக்கொள்ளலாம், அவள் ஒரு தடவை என்பாள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, முன்னால் ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். அட்டிகையோடு இவள் போய் உட்கார்ந்ததும் வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? நாகப்பட்டணத்துச் சிவப்புக் கல் ஒரு வரிசை. ஜப்பான்காரன் காலத்தில் நடுப்பதக்கம் தொலைந்துபோன இடத்தில் நீங்கள் தஞ்சோங் காராங்கில் வாங்கிக் கோத்த மலாய்ப் பிறைத் தகடு, அதில் நகக்கண் அளவுக்குப் பூவும் கொடியும். அறுந்துபோன இரண்டு பக்கத்திலும் சீன நகைக்காரர் சேர்த்துக் கொடுத்த இரண்டு வௌவால். வௌவால் அவர்களுக்கு அதிர்ஷ்டமாம். பால்வெட்டும் காளியம்மா அதைக் கருடன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டு, "அம்மா, ஒரு நிமிசம் குடுங்க, போட்டோவுக்கு மட்டுந்தான்" என்றாள். பியாட்ரிஸ் கொடுத்தாள். காளியம்மாவுக்குக் கொடுத்துவிட்டுச் சின்னத்தாய்க்கு இல்லை என்று எப்படிச் சொல்வது, சின்னத்தாய்க்குக் கொடுத்தால் நல்லம்மாள் என்ன பாவம் செய்தாள், இப்படியே போய் மத்தியானச் சங்கு ஊதும்போது, உங்கள் தங்கையோடு சேர்த்து முப்பத்திரண்டு பெண்களின் கழுத்தில் அட்டிகை ஏறி இறங்கியிருந்தது. ஒருத்தி கழற்றி இன்னொருத்தி மாட்டுவதில் நேரம் வீணாகக் கூடாது என்று வரிசையை ஒழுங்கு செய்து கொடுத்தவன் நான்தான், அதையும் மறைக்கவில்லை. கல் ஒன்றும் விழவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே டின்னுக்குள் போய்விட்டது.

போட்டோக்காரர் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை. கார்டு வந்தபோது முகமெல்லாம் கரியாக இருந்தது, அட்டிகை மட்டும் கல்லுக் கல்லாகத் தெரிந்தது. மூன்று வருஷம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்த ஜனவரியில் தொழிலாளர் லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, காட்டுக்கு அரிசி போகாமல் தடுக்கக் கேட்டில் சோதனையைக் கடுமையாக்கி, கோப்ரல் காசிம் என்ற தஞ்சோங் காராங்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நல்ல மனிதர். லஞ்சம் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. கார்டில் என்ன இருக்கிறதோ அது ஆளிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் சட்டம். முதல் நாள் சின்னத்தாயின் கார்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "ஓராங் லாயின்" என்றார். வேறு ஆளாம். "நாந்தான் துவான், நல்லாப் பாருங்க லா" என்று இவள் முகத்தை நிமிர்த்திக் காட்ட, அவர் கார்டில் கழுத்தைத் தொட்டுக் காட்டி இது எங்கே என்று கேட்டிருக்கிறார். வீட்டில் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்தாள். அடுத்து வந்த நல்லம்மாளும் வீட்டில் இருக்கிறது என்றாள். காளியம்மாவும் அதையே சொன்னாள். ஒரே நகை மூன்று வீட்டில் எப்படி இருக்கும் என்று கோப்ரல் யோசித்து, பெண்களின் கார்டுகளை வாங்கிப் பார்த்து, அட்டிகை போட்ட முப்பத்திரண்டையும் தனியாகப் பிரித்து மேசையில் பரப்பினார். ஒன்று, இவை கள்ளக் கார்டுகள், ஒரே பெண்ணை முப்பத்திரண்டு தடவை பிடித்திருக்கிறார்கள். அல்லது இது திருட்டு நகை. எது என்று தெரிகிற வரைக்கும் கார்டு கிடையாது என்று கட்டி ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டார்.

பால்வெட்டுக்கு மட்டும் மண்டோர் தலை எண்ணிக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். மற்றபடி கார்டு இல்லாமல் கேட்டைத் தாண்டினால் பிடித்து அடைத்துவிடுவார்கள். கடைக்குப் போக முடியாது, மருந்துக்குப் போக முடியாது. நல்லம்மாளின் மகள் வேலம்மா டவுனில் பிள்ளை பெற்றுக் கிடந்தாள், தாய் போய்ப் பார்க்க முடியவில்லை. பெண்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "கிராணி ஐயா, அந்த நகையக் கொண்டுபோயி காட்டுங்க, நாங்க திருடலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்று கேட்டார்கள். செய்கிறேன் என்றேன். இங்கேதான் மச்சான், நான் ஒரு தப்புச் செய்தேன். ஸ்டேஷனில் காட்டினால் சாட்சிப் பொருள் என்று வைத்துக்கொள்வார்கள், மே மாதத்துக்குள் திரும்பி வருமா வராதா, இசபெல்லுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று என் புத்தி ஓடிற்று. யாருக்கும் சொல்லாமல் ராசாவுக்கு வந்து உங்கள் கையில் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்து, அட்டிகையைத் தூக்குச் சட்டியின் அடித்தட்டில் வைத்து, மேலே அவித்த மரவள்ளிக்கிழங்கைப் பரப்பி எடுத்துப்போனேன். காட்டுக்கு அரிசி போவதே தூக்குச் சட்டியில்தான் என்பதும், கேட்டில் முதலில் திறப்பதே தூக்குச் சட்டியைத்தான் என்பதும், பதினான்கு வருஷம் கிராணி வேலை பார்த்த எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. கோப்ரல் குச்சியால் கிண்டினார். பிறைத் தகடு மேலே வந்தது.

பால்வெட்டு முடிந்து திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காளியம்மாதான் கேட்டாள், "எங்கள உள்ள வச்சிட்டு நீங்க மட்டும் நகையோட கெளம்பிட்டீங்களா ஐயா?" நான் கீழே சிதறிய கிழங்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கை நான்கு நாள் என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் போட்டாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு கார்டையும் அட்டிகையையும் ஒரு மணி நேரம் பார்த்தார். யாருடையது என்றார். என் மனைவியின் அண்ணன் மனைவியுடையது, அந்த அம்மாள் காலமாகிவிட்டார் என்றேன். எந்த இனத்து நகை என்றார், நிரப்ப வேண்டிய பாரத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறதாம். தமிழர் என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள், அங்கிருந்த மலாய் சார்ஜென்ட் பிறைத் தகட்டைத் தொட்டு, இது எங்கள் கல்யாணப் பெண் மார்பில் மூன்று தட்டாகப் போடுகிற டொக்கோ, இதில் ஒரு தட்டுத்தான் இருக்கிறது, மற்ற இரண்டும் எங்கே என்று என்னைக் கேட்டார். இல்லாத இரண்டுக்கும் நான் கைதாகிவிடுவேன் போலிருந்தது. கடைத்தெருவில் இருந்து சீன நகைக்காரரைக் கூட்டிவந்தார்கள். வௌவாலைப் பார்த்தவுடன் தன் கை வேலை என்று சொல்லி, பின்பக்கத்தில் தன் முத்திரையையும் காட்டி, ராசா டிரெசர் கொண்டுவந்து கொடுத்ததும் நினைவிருக்கிறது என்று என்னைக் காப்பாற்றினார். அவர் நன்றாக இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் அந்தக் கட்டத்தில், கழுத்து நகை ஒன்று, இந்தியர், மலாய்க்காரர், சீனர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் தோட்டத்து லோரியில் முப்பத்திரண்டு பெண்களையும் ஏற்றிப்போய், ஒவ்வொருத்திக்கும் அட்டிகையை மாட்டி, கார்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மாட்டினால் எல்லாரும் கார்டில் இருக்கிற ஆளேதான். கார்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது ஓர் உத்தரவும் போட்டார்கள்: ஆகஸ்டில் புதுப் போட்டோ பிடிக்கும் வரைக்கும், இவர்கள் கேட்டைத் தாண்டும்போது கார்டில் இருக்கிறபடி இருக்க வேண்டும். அதனால்தான் ஆணி. போகிறவள் எடுத்து மாட்டி, கோப்ரலிடம் காட்டி, கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறாள், வரும்போதும் அப்படியே. முதல் பக்கத்தில் முப்பத்திரண்டு பெயர், அடுத்த பக்கங்களில் மாட்டிய நேரம், கழற்றிய நேரம், கையெழுத்து என்று அதற்கு ஒரு புத்தகம் உண்டு. கோடு போட்டுக் கொடுத்தது நான்தான், நேராக வந்திருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நகையை உரியவரிடம் கொடுக்கத் தடை இல்லை என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கல்யாணத்துக்கு எடுத்துவந்தால் வெள்ளிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்ப மூன்று நாள். மூன்று நாளும் முப்பத்தொரு பெண்கள் வேலிக்குள் கிடக்க வேண்டும். வேலம்மாவின் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை, நல்லம்மாள் தினமும் போய் வருகிறாள். ஒரு தடவை அவர்களை விட்டுவிட்டு ஓடப் பார்த்தவன் நான். இன்னொரு தடவை என்னால் முடியாது. ஆகவே மச்சான், இசபெல் தன் தாயின் அட்டிகை இல்லாமல்தான் கோயில் ஏற வேண்டியிருக்கும். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், எங்களை மன்னித்துவிடுங்கள். அந்தப் பிள்ளையிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நானும் உங்கள் தங்கையும் இரண்டே பேர் வெறுங்கையோடு வந்து ஓர் ஓரத்தில் நிற்கிறோம். வேறு யாரையும் அழைத்துவந்து இந்த ரேஷன் காலத்தில் உங்களுக்குத் தொந்தரவு தர மாட்டோம்.

தேவமாதா உங்கள் வீட்டையும் எங்கள் கேட்டையும் காப்பாற்றட்டும். இசபெல்லுக்கும் வரப்போகிற மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். உங்கள் கோயில் சாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு, தங்கள் நம்பிக்கையைக் காப்பாற்றாத மைத்துனன்,
அமலதாஸ்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். உங்கள் தங்கை அதை எடுத்துப்போய்க் குழாயடியில் பெண்கள் எல்லாருக்கும் வாசித்துக் காட்டிவிட்டாள். காளியம்மா, "அந்தப் புள்ளையோட ஆத்தா நகைய நாங்க மாட்டிக்கிட்டுத் திரிவோம், அது வெறுங்கழுத்தோட நிக்கணுமா? நல்லாருக்கு ஐயா உங்க நாயம்" என்றாள். நகை இல்லாமல் யாரும் வெளியே போக முடியாது என்றேன். "நகை போற எடத்துக்கு நாங்களும் போயிட்டா?" என்று சின்னத்தாய் கேட்டாள். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் ஒன்றாக வெளியே வந்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உள்ளே போவதாக முடிவாகிவிட்டது. நல்லம்மாள் மட்டும் வெள்ளியன்று வெளியே வந்ததும் டவுனில் மகளிடம் இறங்கிக்கொண்டு, திரும்பும்போது ஏறிக்கொள்வாள். துரை இரண்டு லோரி கொடுத்திருக்கிறார். ராசாப் பாதையில் பெண்களைத் தனியாக அனுப்ப முடியாது என்று மண்டோர் ரெங்கசாமி சொல்வதால் புருஷன்மார்களும் வருகிறார்கள். மொத்தம் எழுபதுக்குள் அடங்கும். கேட்டில் ஒரு பிடி அரிசிகூட வெளியே விட மாட்டார்கள், ஆகையால் சமையல் உங்கள் பொறுப்பு. படுக்கப் பள்ளிக்கூடத்தைக் கேட்டு வைக்கவும். நகை போகிற இடத்துக்குப் புத்தகமும் போக வேண்டும் என்று கோப்ரல் காசிமும் துப்பாக்கியோடு வருகிறார். ஆட்டை அவரே அறுத்துக்கொள்வாராம், பன்றிக்கறிச் சட்டியை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

இசபெல்லின் கார்டில் அட்டிகை இல்லையே, அவள் எப்படிப் போடலாம் என்று அவர் ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில், புத்தகத்தில் பெயர் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் சாமியாரின் கல்யாணப் புத்தகத்தில் ஒரு கையெழுத்தும், கோப்ரல் புத்தகத்தில் ஒரு கையெழுத்தும் போட வேண்டும். முதல் பக்கத்தில் முப்பத்து மூன்றாவது வரியில் அவள் பெயரை நான் இன்றைக்கே எழுதிவிட்டேன்.