ஃபைலுக்குப் போன பெரியப்பா

எனக்குக் கைவேலையில் நம்பிக்கை வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் மற்றவர்களுக்குப் பயம் வந்துவிடும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அனுபவப்பட்டவர்கள் அவர்கள், அந்த அனுபவத்தைக் கொடுத்தவள் நான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. (வெளிநாட்டுக்காரர் கேட்ட கலரும் நம் சாயப்பட்டறையில் வந்த கலரும் ஒன்றுதான் என்று இரண்டு பேரையும் நம்பவைக்கும் வேலை.) மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. ஆளுக்கொரு பரிசு யோசித்துக்கொண்டிருந்தபோது, "நான் என் கையால ஒரு ஆல்பம் செஞ்சு தர்றேனுங்க" என்று சாப்பாட்டுக்கு நடுவில் அறிவித்தேன். யாரும் கேட்கவே இல்லை.

காரணம் ஒரு வீடியோ. ஹைப்ரிட் ஸ்கிராப்புக் என்று ஒன்று இருக்கிறதாம். பக்கத்தின் வடிவமைப்பையும் எழுத்தையும் கம்ப்யூட்டரில் செய்து பிரிண்ட் எடுக்க வேண்டும். அதன்மேல் நிஜ ரிப்பன், நிஜ பட்டன், நிஜ லேஸ் எல்லாம் கையால் ஒட்ட வேண்டும். பாதி மெஷின், பாதி கை. வீடியோவில் வந்த அம்மாள் ஒரு சொட்டுப் பசைகூட விரலில் படாமல் பேசிக்கொண்டே ஒட்டினார். "தொடங்குவதற்கு ஒரு பிரிண்டர், கெட்டித் தாள், நல்ல கத்தரிக்கோல், பசை, இவ்வளவு போதும். முதலில் ஒரே ஒரு பக்கம் செய்து பாருங்கள்" என்றார். அதில் 'போதும்' என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாம் என் காதில் விழுந்தது.

திருப்பூரில் இருந்துகொண்டு ரிப்பனுக்கும் பட்டனுக்கும் அலைய வேண்டுமா என்ன? நேராக ஆக்சஸரீஸ் கடைக்குப் போனேன். யானைக்குட்டி படம் போட்ட பட்டன் ஆறு கேட்டேன். கடைக்காரர், "ஆறு க்ரோஸுங்களா?" என்றார். ஒரு க்ரோஸ் என்றால் நூற்று நாற்பத்து நாலு. ஆறே ஆறு பட்டன்தான் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. மெர்ச்சண்டைசர் என்ற கௌரவம் வேறு. வாங்கிவிட்டேன். இன்றைக்கும் எங்கள் வீட்டு ஆண்கள் சட்டையில் பட்டன் தெறித்தால் அந்த இடத்தில் ஒரு யானைக்குட்டிதான் உட்காரும்.

இதுவரை நடந்தது வேடிக்கை. இனி வருவது வினை.

அத்தைக்கு (மாமியாரைத்தான் சொல்கிறேன், மாமா என்றால் மாமனார்) தன் கல்யாணத்தின் ஞாபகமாக மிஞ்சியது ஒரே ஒரு போட்டோ. மீதி ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது. கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருந்த அந்தப் படத்தில் இடது பக்கம் மாமா, நடுவில் அத்தை, வலது ஓரத்தில் அத்தையின் அண்ணன். கையை நீட்டி, தங்கச்சி பிடித்திருந்த தட்டைத் தானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்பார். என் கணவருக்குத் தாய்மாமன், எனக்கு முறைக்குப் பெரியப்பா. பக்கத்து ஊரான மங்கலத்தில் விசைத்தறி ஓட்டுகிறார்.

அந்தப் பெரியப்பா எங்கள் வீட்டு வாசலை மிதித்து இரண்டு வருஷமாகியிருந்தது. எங்கள் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் விட்டுப்போய்விட்டது. தாய்மாமன் பெயர்! கடைசி நேரத்தில் கவனித்து, பெயரைத் தனியாக அச்சடித்துத் துண்டுச் சீட்டாக ஒட்டிக் கொடுத்தார்கள். அது அவருக்கு இன்னும் பெரிய அவமானமாகிவிட்டது. "ஒட்டுப் போட்ட மருவாதி எனக்கு வேண்டாமுங்க" என்றார். கல்யாணத்துக்கு வந்தார், தாய்மாமன் சீரை ஒரு குறையுமில்லாமல் செய்தார், பந்தியில் உட்காராமலே போய்விட்டார். அதிலிருந்து அத்தை நல்ல நாளில் இலை போடும்போதெல்லாம் வாசலை ஒரு தடவை பார்ப்பார். அறுபதாம் கல்யாணத்துக்கு அத்தை நேரில் போய் அழைத்ததற்கு, "பாக்கலாமுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தபோது அத்தை சொன்னார்: "எங்கண்ணன் என்ற பக்கத்துல நிக்கற படம் இது ஒண்ணுதான் கண்ணு. பாத்து."

"அசலைத் தொடவே மாட்டேனுங்க அத்தை. காப்பி எடுத்துட்டு உடனே மாட்டிருவேன்" என்றேன்.

சொன்னபடியே ஸ்கேன் செய்தேன். கடையில் போட்டோத் தாளில் ஒரு காப்பி போட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வீடியோ அம்மாள், பழைய தோற்றம் வேண்டுமானால் டீத்தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள் என்று சொல்லியிருந்தார். வீட்டில் டீக்கா பஞ்சம்? தாள், லேஸ், லேபிள், காப்பி எல்லாவற்றையும் டீயில் முக்கிக் காயப் போட்டேன். காப்பி அற்புதமாகப் பழுத்துவிட்டது. இத்தனை வருஷமும் கண்ணாடிக்குள்ளேயே இருந்த அசலோ இன்றைக்குக் காலையில் எடுத்ததுபோலப் பளபளவென்று இருந்தது.

அதற்குள் ஷிப்மென்ட் அவசரம் வந்து இரண்டு நாள் மண்டை காய்ந்தது. மூன்றாம் நாள் மேஜையைப் பார்த்தேன். ஒரு படம் பழசு, ஒரு படம் புதுசு. பழசுதானே அசல்? டீயில் ஊறியதைப் பயபக்தியோடு கண்ணாடி போட்டு மாட்டினேன். அசலை மற்ற சாமான்களோடு ஆபீஸுக்கு எடுத்துப் போனேன்.

"ஏங் கண்ணு, போட்டோ இப்புடிப் பழுத்துப் போச்சு?" என்று அத்தை கேட்கத்தான் செய்தார்.

"முப்பது வருசத்துக்கு மேல ஆச்சில்லீங்களா, அப்படித்தானுங்க இருக்கும்" என்று நான் அவருக்கு விளக்கினேன்.

வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். கம்ப்யூட்டரில் நான் போட்ட பக்கத்தில் மாமாவும் அத்தையும் மட்டும் அடங்கும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. மூன்று பேரும் இருக்கும் படத்தை இன்னொரு காப்பி எடுத்து அடுத்த பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று திட்டம். இது காப்பிதானே? துணி வெட்டும் பல்லுக் கத்தரிக்கோலை எடுத்துக் கறக்கென்று நெட்டுக்கு வெட்டினேன். ஓரம் அழகாக வளைந்து வளைந்து வந்தது.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பாஸ் ஆக வேண்டிய துணியில் ஒரு துண்டை வெட்டினால் அதை இரண்டாக வெட்டுவோம். ஒன்று வாங்குபவருக்கு, இன்னொன்று நம் ஃபைலுக்கு. நாளைக்கு அவர் "இந்தத் துணி இல்லை" என்றால் நம் துண்டை எடுத்து நீட்டலாம். அதற்குப் பெயர் கவுண்டர் சாம்பிள். நாலு வருஷம் இதையே செய்த கைக்கு மூளையின் தயவு தேவையில்லை. மாமாவும் அத்தையும் இருந்த பாதியைப் பைக்குள் வைத்தேன். பெரியப்பா இருந்த பாதியை, மேஜையில் திறந்து கிடந்த ஃபைலில், மெரூன் துணித் துண்டுக்குப் பக்கத்தில் ஸ்டேப்ளர் அடித்துவிட்டேன். அடித்தது எனக்குத் தெரியவே தெரியாது.

சாயங்காலம் வீட்டில் ஒட்ட உட்கார்ந்தேன். பசை தடவுவதற்காகப் படத்தைத் திருப்பினால் பின்னால் ஸ்டுடியோ முத்திரை. பக்கத்தில் நீல மையில் 'கல்யாணம்' என்று பெரியப்பாவின் கையெழுத்து. அதற்கு முன்னால் இருந்த சொல்லைக் காணோம். காப்பிக்குப் பின்னால் எவரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்பது எனக்கே புரிந்தது.

ஸ்கேன் இருக்கிறதே, இன்னொன்று போட்டால் ஆயிற்று என்று நீங்கள் சொல்லலாம். என் கணவரும் அதைத்தான் சொன்னார். பத்திரிகையில் பெயர் விட்ட மனிதரைப் படத்திலிருந்தும் வெட்டிவிட்டு, மறுபடியும் ஒட்டுப் போட்டு நீட்டுவதா? அந்தப் பாதியைப் பசை இல்லாமல் நாலு மூலை ஸ்டிக்கரில் செருகி வைத்துவிட்டு அத்தையிடம் போய் உள்ளதைச் சொன்னேன்.

அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அண்ணனும் ஊட்டுக்கு வர்றதில்ல. படத்துலயாவது பக்கத்துல நின்னுட்டிருந்துச்சு" என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆல்பத்த மண்டபத்துக்குக் கொண்டாராத கண்ணு" என்று மட்டும் சொன்னார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சனிக்கிழமை காலை ஆபீஸில் குப்பைத்தொட்டி, கட்டிங் வேஸ்ட் மூட்டை எல்லாவற்றையும் கிளறினேன். கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார். கையில் என் ஃபைல்.

"ஏம்மா, நேத்து வரிசையா சைன் பண்ணி சீல் குத்திட்டுப் போயிட்டேன். இப்பத்தான் பாக்குறேன். இந்த மெரூனுக்குப் பக்கத்துல முறைக்கிறாரே, இவரு யாரு?"

பெரியப்பாதான். தோளில் ஸ்டேப்ளர் பின். வெள்ளைச் சட்டையின்மேல் ஊதா மையில் வட்டமாக 'அப்ரூவ்டு' சீல், கீழே மேனேஜர் கையெழுத்து. பின்பக்கம் திருப்பினேன். 'தங்கச்சி' என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மண்டபம். பெரியப்பா வந்துவிட்டார். கடைசி வரிசையில், வாசலை ஒட்டின நாற்காலி. சாப்பிடாமல் கிளம்புவதற்கு வசதியான இடம். மேடையிலிருந்து அத்தையின் கண் அங்கேயேதான் இருந்தது. அப்போதுதான் பார்த்தேன், பெரியப்பா மடியில் என் ஆல்பம்! மனைவியின் கைவேலையைப் பெருமையாகக் காட்ட என் கணவர், வெட்டுப்பட்ட பக்கத்தை மறந்து, அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். (கொண்டுவரக் கூடாது என்று அத்தை சொன்னதை அவரிடம் சொல்ல மறந்தவளும் நான்தான்.)

ஓடினேன். அதற்குள் பெரியப்பா அந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டிருந்தார். மாமா, அத்தை, ஒரு தட்டு. தட்டின் வலது பக்கத்தை ஆளில்லாத ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது.

பெரியப்பாவுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏனுங்க அம்மிணி, இந்தக் கை யாரோடதுங்க?"

"உங்களோடதுங்க பெரியப்பா."

"ஆளு எங்கீங்க போனானுங்க?"

என்னால் பொய் யோசிக்க முடியவில்லை. கைப்பையைத் திறந்து அவர் பாதியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். டீ, கத்தரிக்கோல், ஃபைல் என்று முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தேன். அவர் துண்டைத் தூக்கிப் பிடித்துத் தன்னையே பார்த்தார்.

"சட்டை மேல என்னங்க சீலு?"

"அப்ரூவ்டுங்க. நீங்க எங்க கம்பெனில பாஸ் ஆயிட்டீங்கன்னு அர்த்தமுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் மீசை லேசாக ஆடியது. தன் துண்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பல்லுக்குப் பல் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. தறிக்காரர் அல்லவா, வெட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டா வெட்டினா ஒண்ணு நம்மகிட்ட, ஒண்ணு பார்ட்டிகிட்ட. அதானுங்களே வழக்கம்?"

"ஆமாங்க."

"அப்ப என்ற பங்கு எங்கிட்ட இருக்கட்டும். ஒட்ட வேண்டாம். எந்தங்கச்சி ஊட்டுக்கு வர்றப்பக் கொண்டாந்து வெச்சுப் பாத்துக்கறேன்."

துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல் பக்கம் திரும்பவில்லை. பந்திக்குப் போய் உட்கார்ந்தார். மாலையோடு மேடையிலிருந்து இறங்கி வந்த அத்தை, பரிமாறுகிறவரிடமிருந்து வாளியை வாங்கி, அண்ணன் இலையில் சாம்பார் ஊற்றினார். சாம்பார் இலையைத் தாண்டி ஓடியது. "போதும் சாமி, போதும்" என்று பெரியப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதிலிருந்து எங்கள் வீட்டு விசேஷங்களில் பெரியப்பா வராமல் ஆல்பத்தைத் திறப்பதில்லை. வந்ததும் துண்டை எடுத்துத் தன்னைத் தன் இடத்தில் வைப்பார், ஒரு பார்வை பார்ப்பார், எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். யாராவது முறுக்கிக்கொண்டால், "உடு, சீல் குத்தினாச் செரியாயிரும்" என்பது இப்போது வீட்டுப் பேச்சாகிவிட்டது. நான் கத்தரிக்கோலை எடுத்தால் என் கணவர் போட்டோக்களை எண்ணுகிறார்.

போன தீபாவளிக்கு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அத்தை வெளியே போவதற்குள் பெரியப்பா சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டார். அத்தை பதறிப்போய் வாசலிலிருந்தே கத்தினார்: "அண்ணா! ஏனுங்க, உள்ள வராமப் போறீங்க?"

"என்னைய ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன். எடுத்துட்டு வந்தர்றேன், நீ எலையப் போடு" என்று சொல்லிவிட்டு மங்கலத்துக்குப் போனார். அத்தை சிரித்துக்கொண்டே போய் இலையைப் போட்டார்.