ஒரு நிமிஷ விளக்கு

இனி இந்த ஜென்மத்தில் ஓர் அடிகூட வீணாக நடப்பதில்லை என்று ஹெட்கிளார்க் தீர்மானம் போட்டுவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் தெருவுக்கு அவர் இன்னும் ஹெட்கிளார்க்தான்.

சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் முக்கால் மணி நேரம் நடக்கணும் என்றார் டாக்டர்.

"முப்பத்தஞ்சு வருஷம் மேஜைக்கு மேஜை ஃபைலைத் தூக்கிக்கிட்டு நடந்தாச்சு டாக்டர். என் பங்கு முடிஞ்சு போச்சு."

மனைவி கெஞ்சிப் பார்த்தாள். மகள் போனிலேயே அழுது பார்த்தாள். மகன் நல்ல நடை ஷூவாக வாங்கி அனுப்பினான். அதை மாட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் போய்ச் சாய்ந்தார் மனுஷன். பாவம் அந்த மனைவி, அவர் உடம்பை நினைத்து நினைத்து அவளுக்குத் தூக்கமே போயிற்று.

அந்தச் சமயம் பார்த்து வாசல் விளக்கு கெட்டுப்போனது. இரண்டு பேருமாகக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இரண்டு விளக்கை எடுத்து வைத்தார். ஒன்று பூசணிக்காய் மாதிரி உருண்டை; போட்டால் எரியும், அணைத்தால் அணையும். இன்னொன்று ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாக எரியும், இல்லாவிட்டால் தானாக அணைந்துவிடும்.

"உருண்டையே போதுங்க," என்றாள் மனைவி. "தானா எரியறதெல்லாம் நமக்கு ஒத்து வராது."

அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அவள் வேண்டாம் என்றதைத்தான் அவர் வேண்டும் என்பார்.

"எது ஒத்து வரும்னு எனக்குத் தெரியும். தானா எரியறதையே கட்டுங்க," என்றார் கடைக்காரரிடம்.

அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் கூடுதலாகவே தொங்கப் போட்டாள். வெற்றிக் களிப்பில் அதை யார் பார்த்தது?

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து, வாசல் கதவுக்கு மேலே, கேட்டைப் பார்க்கிற மாதிரி விளக்கை மாட்டினார். ஹெட்கிளார்க் உள்ளே வாரண்டி அட்டைக்கு ஃபைல் போட்டுக்கொண்டிருந்தார். டீ கொடுத்து ஏணியைப் பிடித்தவள் மனைவி.

அன்று பொழுது சாய்ந்ததும் அவள் கேட்டைச் சாத்திவிட்டு வந்து, வழக்கம்போலப் பிரார்த்தனைப் புத்தகத்தோடு வாசற்படியில் உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது. ஒரு நிமிஷத்தில் அணைந்தது.

"என்னங்க."

"என்ன?"

"அணைஞ்சு போச்சு."

"கையை ஆட்டு."

"ஆட்டிட்டேன். கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவுல யாராவது நடந்தாத்தான் எரியுமாம்."

"உள்ளே வந்து படியேன்."

"உள்ளே உங்க டிவி அலறுது. என் பேச்சு சாமி காதுல விழுமா?"

"டார்ச் தரட்டுமா?"

"ஒரு கையால கும்பிடச் சொல்றீங்களா? போகட்டும் விடுங்க. கடையில கொடுத்துட்டு உருண்டையையே வாங்கிட்டு வந்துடலாம்."

கொடுப்பதா? தான் வாங்கியதையா? அதற்குக் கேட் வரை போய் வருவதே மேல். எழுந்து நடந்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"பார்த்தியா, எவ்வளவு கெட்டிக்கார விளக்கு," என்றார். திரும்பி வந்து நாற்காலியில் முதுகைச் சாய்ப்பதற்குள் கெட்டிக்கார விளக்கு கண்ணை மூடிக்கொண்டது.

"என்னங்க."

மறுநாள் ஒட்டடைக் கம்பில் துண்டைக் கட்டி ஜன்னல் வழியாக ஆட்டிப் பார்த்தார். விளக்கு ஏமாறவில்லை. பிரார்த்தனைப் புத்தகத்தின் மேல் ஒட்டடை விழுந்ததுதான் மிச்சம். பேசாமல் நடந்தார்.

பத்து நிமிஷத்தில் முடிகிற பிரார்த்தனை அது. மகனுக்குப் பதவி உயர்வு வேண்டிக் கால் மணியானது. மாப்பிள்ளையின் முதுகு வலி சேர்ந்து அரை மணியானது. பிறகு மாப்பிள்ளையின் மேலதிகாரியின் தங்கைக்கு வரன்.

"அவங்க யாருன்னே நமக்குத் தெரியாதே," என்றார், நடந்தபடியே.

"சாமிக்குத் தெரியும்ல. நீங்க நடங்க, இருட்டுது."

சரியாக முக்கால் மணி நேரமானதும் ஊர்க் கஷ்டமெல்லாம் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும். புத்தகத்தை மூடிவிடுவாள்.

இரண்டு மாதத்தில் பெல்ட்டுக்கு இரண்டு புது ஓட்டை போட வேண்டி வந்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நல்லா இறங்கியிருக்கே. நடக்கறீங்களா?"

"நடக்கறதா, நானா? விளக்குக்காகக் கேட் வரைக்கும் போய் வரேன். அவ்வளவுதான்."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் தொங்கிய கண் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடக்காமலே சர்க்கரையை இறக்கிய பெருமையோடு வீட்டுக்கு வந்தவர், அன்று தன் கையாலேயே அந்த விளக்கைத் துடைக்க ஸ்டூல் போட்டு ஏறினார். அடியில் ஒரு சின்னத் திருகு. பக்கத்தில் ஒன்றிலிருந்து பதினைந்து வரை எண்கள். திருகு ஒன்றில் நின்றது. ஸ்டூலில் நின்றபடியே எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்.

"அது எத்தனை நிமிஷம் எரியணும்கறதுக்கு சார். நான் பதினஞ்சுலதான் வச்சேன். அம்மாதான் ஒண்ணுல வைக்கச் சொன்னாங்க. சாருக்கு அப்படித்தான் நல்லதுன்னாங்க."

மடமடவென்று இறங்கி மனைவியைத் தேடிப் போனார். அவள் கேட்டருகே பக்கத்து வீட்டு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். இவர் வாயைத் திறக்குமுன் அந்த அம்மா முந்திக்கொண்டாள்.

"நல்லவேளை வந்தீங்க அண்ணா. அந்த விளக்கு எங்க வீட்டுக்கும் ஒண்ணு வேணும். எங்க வீட்டுக்காரர் உங்களைவிடக் கொஞ்சம் கனம், அரை நிமிஷத்துல அணையறது கிடைக்குமா?"