வாளியில் இருந்தது கஞ்சி இல்லை

தெரியாத விஷயத்தில் சும்மா இருக்கத் தெரியாதவன் நான். இதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. என் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தடா பக்கம் ஜப்பான்காரர்கள் கம்பெனி திறந்த புதிதில், மூன்று மாதம் ஜப்பானிய மொழி படித்த (படித்ததாகச் சொல்லிக்கொண்ட) தகுதியில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தேன். எங்கள் மானேஜருக்கு இங்கேயே ஆண் குழந்தை பிறக்க, அவருடைய அப்பா ஜப்பானிலிருந்து வந்தார். ஐம்பது வருடமாகக் கையால் காகிதம் செய்பவர். மில் காகிதம் வந்து ஊரே தொழிலை விட்டபோதும் விடாதவர். பெற்ற மகன் விட்டுவிட்டார்.

ஏழாம் நாள் பேரனின் பெயரை எழுதிச் சுவரில் மாட்டுவது அவர்கள் வழக்கம். அந்தத் தாளைத் தன் கையாலேயே செய்வதென்று மரப்பட்டை நாரும் ஏதோ வேரும் கொண்டுவந்திருந்தார்.

ஆறாம் நாள் காலை உதவிக்கு மானேஜர் வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள். பெரியவர் டீ குடிக்கப் போயிருந்தார். பின்கட்டில் ஒரு வாளி. விரலை விட்டேன், வழவழவென்று நூல் விட்டது. நான் நகரி நெசவுக்காரன் வீட்டுப் பிள்ளை. தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி இப்படி நூல் விட்டால் கெட்டுப்போச்சு என்று அர்த்தம். பாவம், மனுஷனுக்கு நம்ம ஊர் வெயில் தெரியவில்லை என்று உருகி, வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். அதோடு விட்டேனா? சோறு வடித்த கஞ்சியைச் சமையல்கட்டில் கேட்டு வாங்கி ஊற்றி வைத்தேன்.

பெரியவர் வந்து விரலை விட்டார். சாக்கடையைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அது வேரிலிருந்து எடுத்த பசை. அது இல்லாமல் நார் தண்ணீரில் மிதக்காது. வெண்டை ஜாதிச் செடி, இங்கே கிடைக்காது" என்றார் மானேஜர். பிறகு அப்பாவிடம், கடையில் தாள் வாங்கிக்கொள்ளலாம் என்றார். பெரியவர் சரியென்று தலையாட்டினார்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம்; அவருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"கேட்டுக்கினு கொட்டறதுக்கு இன்னாடா உனுக்கு? வெண்டக்காய அறுத்தா கொழகொழன்னு வருதே, அது இன்னா, எண்ணெயா? வாங்கினு போடா!"

ஐந்து கிலோ வாங்கினேன். "ஏமய்யா, பெள்ளா?" என்று, கல்யாண வீடா எனத் தெலுங்கில் கேட்டாள் கடைக்காரம்மா.

பெரியவர் வெண்டைக்காயை நறுக்கி, பிசைந்து, வடிகட்டி, விரலைத் தூக்கினார். நூல் விட்டது. சிரித்துவிட்டார். நார் கரைத்த தண்ணீரில் அதைக் கலந்து, தாள் வார்க்கும் சல்லடைச் சட்டத்தின் மறுமுனையைப் பிடிக்க மகனைக் கூப்பிட்டார். எல்லாம் மறந்துபோச்சு என்ற மானேஜரின் கை, அப்பாவின் கையோடு சேர்ந்தே ஆடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லேசான பச்சையில் இருந்த தாளில் மறுநாள் பேரனின் பெயர் ஏறியது.

இன்றும் நான் புளித்த மோரைக் கொட்டப் போனால்கூட, உள்ளேயிருந்து என் மகள் குரல் கொடுக்கிறாள்: "நைனா, ஜப்பான் தாத்தாவ ஒரு வார்த்த கேட்டுக்கினியா?"