குடைக்காரரின் ஐந்தாவது டேக்

கலெக்டர் வந்தாலும் சரி, கவர்னர் வந்தாலும் சரி, கடவுளே கொடைக்கானலுக்கு ரூம் போட்டு வந்து தங்கினாலும் சரி, கையில் விரித்த குடையை மடக்காத ஒரே மனிதர் எங்கள் லாட்ஜ் தோட்டக்காரர்தான். சம்பள நோட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. குடைக்காரர் என்றால் ஏரிக்கரைக் குதிரைகூடத் திரும்பிப் பார்க்கும்.

கறுப்புக் குடை, மூங்கில் கைப்பிடி. விரித்தால் ஒரு சின்னக் குடும்பம் அதன் கீழே குடித்தனமே நடத்தலாம். மழைக்குப் பிடித்தால் கேட்க மாட்டேன், வெயிலுக்குப் பிடித்தாலும் கேட்க மாட்டேன். இவர் சமையல்கட்டுக்குள்ளும் குடையோடுதான் வருவார். வாசலில் குடையை ஒருக்களித்து, தன்னையும் ஒருக்களித்து, கட்டிலைத் தூக்கி வருகிறவர் மாதிரி உள்ளே நுழைவார். ஒரு கையில் குடை, மறு கையில் பூவாளி. ஒரு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டு முடிப்பதற்குள் அடுத்த செடி வாடிவிடும்.

"குடையை ஓரமா வச்சுட்டு ரெண்டு கையாலயும் வேலை பார்த்தா வெரசா முடியும்ல?" என்று ஒருநாள் கத்தினேன். நான் அந்த லாட்ஜுக்கு மேனேஜர். கத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"முடியும் சார். அப்புறம் நீங்க வேற சோலி குடுப்பீங்க" என்றார் நிதானமாக.

ஒருமுறை வத்தலக்குண்டிலிருந்து அவரோடு பஸ்ஸில் வந்தேன். வாழ்க்கையில் செய்த தப்புகளில் அதுவும் ஒன்று. பஸ்ஸுக்குள் விரித்த குடை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குடைக்கம்பி நாலு பேர் காதைப் பதம் பார்த்தது. கண்டக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யோவ் பெருசு, பஸ்ஸுக்குள்ளயா மழை பெய்யுது?" என்று எகிறினார். வாய் முகூர்த்தம் என்பார்களே, அது இதுதான். பத்தாவது நிமிடம் மழை பிடித்துக்கொண்டது. கூரை ஏழு இடத்தில் ஒழுகியது. ஊர் வந்து சேரும்வரை கண்டக்டர் அந்தக் குடைக்குக் கீழேதான் நின்று டிக்கெட் கிழித்தார்.

கிறிஸ்துமஸ் என்றால் கேக்குக்காக எங்கள் சர்ச்சுக்கு வருவார். குடையோடு பெஞ்சில் உட்கார்ந்தால் பின்னால் நாலு வரிசைக்குப் பீடம் தெரியாது. ஃபாதர் பக்கத்தில் வந்து, "பெரியவரே, ஆண்டவர் முன்னாலயாவது மடக்கக் கூடாதா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"ஆண்டவரு தொரை இல்லீங்களே ஃபாதர்" என்றார் இவர்.

ஃபாதர் இரண்டு துண்டு கேக் கொடுத்துக் கடைசி பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் நானும் கேட்டேன். "மடக்குனதெல்லாம் அந்தப் பக்கமே விட்டுட்டு வந்துட்டோம் சார்" என்றார். அந்தப் பக்கம் என்றால் இலங்கை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்தவர். மீசை அரும்பின வயதில் அம்மா அப்பாவோடு கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, எங்கெங்கோ அலைந்து இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் இந்திக்காரர்கள் படம் எடுக்க வந்தார்கள்.

கதை வெள்ளைக்காரன் காலத்தில் நடக்கிறது. வடக்கே ஏதோ ஒரு மலை ஊர். துரையிடம் குமாஸ்தா வேலை பார்ப்பவரின் பெண்ணுக்கும், சுதந்திரம் வேண்டும் என்று ஊர்வலம் போகிற பையனுக்கும் காதல். நிஜமான வடக்கு மலையில் குளிர் தாங்காமல், நம் ஊர் மூடுபனியே போதும் என்று இங்கே வந்துவிட்டார்கள். தேனிலவுக்கு வரும் வடக்கத்தி ஜோடிகளிடம் வெந்நீர் இல்லை என்று சொல்லிச் சொல்லியே நான் கற்றுக்கொண்ட அரைகுறை இந்தியை நம்பி, மொழிபெயர்ப்பு வேலையை என் தலையில் கட்டினார்கள்.

டைரக்டர் எங்கள் லாட்ஜில்தான் தங்கியிருந்தார். முதல்நாள் வெள்ளனே ஜன்னலைத் திறந்தவர், மூடுபனிக்குள் குடை பிடித்துக்கொண்டு ரோஜாவுக்குத் தண்ணீர் விடும் உருவத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பழைய குடை, மூங்கில் கைப்பிடி, அந்த முகம் மூன்றும் அவருக்கு வேண்டும் என்றார். ஊர்வலத்தில் முதல் வரிசையிலேயே இடம்.

குடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "சுதந்திரம் கேக்குற ஊர்வலமா சார்?" என்றார்.

"ஆமா. துரை குதிரையில வருவான். நீங்க நகராம நிக்கணும். அவ்வளவுதான்."

"நெசத்துல அது நடந்தப்ப நாங்க ரெண்டு நாட்டுக் கணக்குலயும் இல்லாத சனம் சார். இப்பவாச்சும் கேட்டுப் பாப்போம்" என்று சிரித்தார். அன்று முதல் நடையே மாறிவிட்டது. கொடுத்த வெள்ளைச் சட்டையையும் தொப்பியையும் கழற்றவே இல்லை. தொப்பி, குடை, பூவாளியோடு தோட்டத்தில் நின்றவரைப் பார்த்து, ஏதோ தலைவர் வந்திருக்கிறார் என்று டூரிஸ்ட்கள் போட்டோ எடுத்துப் போனார்கள்.

துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வட்டக்கானலில் கஞ்சாவுக்கும் கிடாருக்கும் நடுவே காலம் தள்ளிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பையனைப் பிடித்து வந்து, சடையை வெட்டி, தாடியை மழித்து, காக்கி மாட்டிவிட்டிருந்தார்கள். முந்தின நாள்தான் அவன் எங்கள் குடைக்காரரிடம் பீடி கேட்டு வாங்கிக் குடித்தான். குதிரை, ஏரியைச் சுற்றிச் சவாரி போகிற குதிரை. நூறு அடி நடந்தால் பழக்க தோஷத்தில் தானாகத் திரும்பிவிடும். துரைக்குக் குதிரை என்றால் பயம். ஆகவே குதிரையின் சொந்தக்காரருக்கும் போலீஸ் உடுப்பு மாட்டிக் கூடவே ஓடவிட்டார்கள்.

ஏரிக்குப் பின்னால் ஒரு பழைய கல்ரோடு. நூறு பேர் ஊர்வலம். முன்னால் கதாநாயகன், பக்கத்தில் குடைக்காரர். மாடியிலிருந்து கதாநாயகி பார்க்கிறாள். ஆக்‌ஷன் என்றார்கள். குளம்புச் சத்தம் கேட்டது. காக்கி உடுப்பும் தொப்பியும் வளைவில் திரும்பின.

படக் என்று ஒரு சத்தம். குடை மடங்கியது.

அடுத்த நொடி குடைக்காரர் ரோட்டிலேயே இல்லை. ஓரத்துச் சாக்கடைக்குள் நின்றுகொண்டிருந்தார். செருப்பு கையில், மடக்கிய குடை கக்கத்தில், தலை குனிந்திருந்தது. "சலாங்க தொரை" என்று சத்தம் வந்தது.

நூறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். துரையே குதிரை மேலிருந்து சிரித்துவிட்டான். அதிகம் சிரித்தது யார் என்று கேட்டால், நான்தான்.

இரண்டாவது டேக்கிலும் படக், சாக்கடை, சலாம். மூன்றாவதிலும் அதேதான். நான்காவதில் கதாநாயகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டே நின்றான். அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சாக்கடையில் இறங்கினார். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆளை மாற்றிவிடலாம் என்றார். அதைச் சொல்ல நான் சிரித்துக்கொண்டே போனேன்.

குடைக்காரர் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்.

"நான் மடக்கல சார். கை தானா மடக்குது" என்றார். "தோட்டத்துல தொரை வந்தா குடையை மடக்கணும், செருப்பைக் கழட்டணும், ரோட்டை விட்டுக் கானுக்குள்ள, அதான் இந்த மாதிரி சாக்கடைக்குள்ள எறங்கணும். எங்கப்பாரு என்னைத் தோள்ல வச்சுக்கிட்டு அப்படித்தான் நின்னாரு. எனக்குக் காய்ச்சல். அடைமழை. தொரை கணக்கப்பிள்ளையோட பேசி முடிக்கிற வரைக்கும் நின்னோம். கையில குடை இருக்கு சார். இருந்தும் நனைஞ்சோம். இது அந்தக் குடைதான்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை கேளுங்க சார். ஒரே ஒரு தடவை. கிளாவரையில மக வீட்டுல பேத்தி இருக்கா, படத்துல தாத்தா வருவேன்னு சொல்லி வச்சிருக்கேன். அவ நான் கானுக்குள்ள நிக்கிறதைப் பாக்கக் கூடாது."

டைரக்டரிடம் கெஞ்சினேன். சரி என்றார். ஐந்தாவது டேக். ஆக்‌ஷன் என்றதும் ஏரிப்பக்கமிருந்து மூடுபனி இறங்கியது. குளம்புச் சத்தம் நெருங்கியது. குடைக்காரர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். உதடு ஏதோ முணுமுணுத்தது. குடை நடுங்கியது. ஆனால் மடங்கவில்லை. அதற்குள் எல்லாவற்றையும் பனி மறைத்துவிட்டது.

"நின்னேன் சார்! நின்னுட்டேன்ல?" என்று பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. நின்றார். நான் பார்த்தேன். ஆனால் கேமராவுக்குத் தெரிந்ததா என்று டைரக்டருக்கே நிச்சயமில்லை. சாக்கடை டேக்கும் வேடிக்கையாக இருக்கிறது, ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு எதை வைப்பது என்று முடிவு செய்வோம் என்றார். அதை அப்படியே குடைக்காரரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அதன்பிறகு தினமும் ஒரே கேள்விதான். "சார், படம் வந்துருச்சா? எதை வச்சிருக்காங்க?" இந்திப் படம் இந்த மலைக்கு எங்கே வரும்? மதுரையில் வந்தால் கூட்டிப் போகிறேன் என்றேன். வருடம் ஒன்று போய், இரண்டும் ஆனது. அவர் விடவில்லை.

அது மே மாதம். லாட்ஜ் நிரம்பி வழிகிறது. மோட்டார் ரிப்பேர், மூன்று ரூமில் தண்ணீர் இல்லை. டீக்கடையில் நாலு பேரோடு நின்று ஒரு வாய் டீ குடிக்கிறேன், குடை வந்து நின்றது. "சார், படம்..."

எனக்கு என்ன சனியன் பிடித்ததோ. "வந்துருச்சுய்யா, பார்த்துட்டேன். சலாம் போட்டதைத்தான் வச்சிருக்காங்க. இந்தியா பூரா உங்களைப் பார்த்துத்தான் சிரிக்குது" என்றேன். அதோடு விட்டேனா? டீக்கடை சாக்கடையில் இறங்கி, செருப்பைக் கழற்றி, சலாமும் போட்டுக் காட்டினேன். டீக்கடையே அதிர்ந்தது. குடைக்காரரும் சிரித்தார். "அப்படியா சார்" என்றார்.

மறுநாள் காலை மழை. நனைந்துகொண்டே வேலைக்கு வந்தார். குடை கக்கத்தில், மடக்கி இருந்தது.

அன்று இரண்டு கையாலும் வேலை பார்த்தார். மத்தியானத்துக்குள் தோட்டம் முழுக்கக் களை எடுத்தாகிவிட்டது. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. கூட்டம் குறையட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினேன். பதினைந்து நாளில், மகளோடு இருக்கப் போகிறேன் என்று மேல்மலையில் இருக்கும் கிளாவரைக்குப் போய்விட்டார். அங்கே போய் ஒரு நடை சொல்லிவிட்டு வரலாம் என்றும் பல நாள் நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன். கேரட் லாரி டிரைவர் ஒருவர்தான் செய்தி கொண்டுவந்தார். "உங்க குடைக்காரர் தவறிட்டாருங்க. போன மாசம்."

அதற்கப்புறம் நாலு மாதம் கழித்து, எங்கள் லாட்ஜ் வரவேற்பறையில் ஒரு புதுமணப் பெண் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். குளம்புச் சத்தம் காதில் விழுந்தது. அந்தக் கல்ரோடு எனக்குத் தெரியாதா? எட்டிப் பார்த்தேன்.

மூடுபனி. குதிரை வருகிறது. ஊர்வலம் சிதறுகிறது. கதாநாயகன்கூட ஒரு அடி பின்னால் வைக்கிறான். நடுரோட்டில் விரித்த குடையோடு ஒரு கிழவர் மட்டும் நிற்கிறார். குதிரை அவரைச் சுற்றிக்கொண்டு போகிறது. மாடியில் கதாநாயகியின் கண் கலங்குகிறது. நாலு விநாடிதான் இருக்கும். "யார் இந்தத் தாத்தா, பிரமாதமாக நடிக்கிறார்" என்று அந்தப் பெண் இந்தியில் தன் புருஷனிடம் சொன்னாள்.

அடப்பாவி, அடப்பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போய் அழுதேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளாவரைக்குப் போனேன். மகளிடம் போனில் அந்த நாலு விநாடியைப் போட்டுக் காட்டினேன். பேத்தி மறுபடி மறுபடி போடச் சொன்னாள். மகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பா இந்தப் படத்தைப் பாக்கவே வேணாம்னுட்டாரு சார். 'மடக்கிட்டேம்மா, ஊரு பூரா பாத்துருச்சு'ன்னாரு" என்றாள். நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். அந்தப் பெண் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் டீ போட்டுக் கொடுத்தாள்.

பூண்டுக் காட்டுக்கு மேலே, சரிவில் அவரைப் புதைத்திருந்தார்கள். மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. மகள் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். இடம் வந்தது. பாதையை விட்டு ஓரமாக வாய்க்காலில் இறங்கினேன். செருப்பைக் கழற்றினேன். குடையை மடக்கினேன்.

"ஐயோ, என்ன சார் இது? இம்புட்டு மழை பெய்யுது, குடையை விரிங்க" என்று பதறினாள் மகள்.

"இருக்கட்டும்மா" என்றேன். "இவர் முன்னால விரிக்கக் கூடாது."