வாசல் நிறைய மிளகாய்

"மாமா, இங்கன ஒரே..." என்று புது மாப்பிள்ளை காளிதாஸ் வாயைத் திறந்தார். மாமனார் செல்லச்சாமி பாய்ந்து வந்து அந்த வாய்க்குள் ஒரு நுங்கைத் திணித்தார்.

"பேசாமச் சாப்பிடுங்க மாப்ள!"

அடுப்படியிலிருந்து முருகலட்சுமி எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, மனுசன மூச்சு விட விடுங்க."

"விட்டா அந்த வார்த்தையச் சொல்லிருவாருடி. வாசல்ல என்ன காயுதுன்னு தெரியும்ல?"

வாசலில் காய்ந்தது அந்த வருஷத்து முண்டு மிளகாய் மொத்தமும். தண்ணீர் பட்டால் வெளிறிப்போகும். ஒரு வியாபாரியும் திரும்பிப் பார்க்கமாட்டான்.

திருப்புல்லாணிப் பக்கம் வெயில் கொளுத்துது, காந்துது, மண்டையைப் பொளக்குது என்று எப்படி வேண்டுமானாலும் திட்டலாம். செல்லச்சாமி கோபிக்கமாட்டார். ஆனால், காற்று நின்று உடம்பு கசகசக்கும்போது யாராவது "ஒரே வேக்காடா இருக்கே" என்றால், எதிரில் இருப்பவர் "மழை வரும்போல" என்பார். அவ்வளவுதான், இலங்கையில் சும்மா படுத்திருந்த மழைகூட எழுந்து கடலைத் தாண்டி வந்துவிடும் என்பது செல்லச்சாமியின் நம்பிக்கை. போன வருஷம் அப்படிச் சொன்ன சொந்த மச்சானோடு இன்னும் பேச்சுவார்த்தை கிடையாது.

நுங்கை விழுங்கிவிட்டு மாப்பிள்ளை மறுபடி ஆரம்பித்தார். "மாமா, இந்த ஃபேன..."

"பத்தலையா? ஏ முருகு, மாட்டுக்கொட்டாய் ஃபேனையும் தூக்கியா!"

இரண்டு காத்தாடிகளும் விமானம் கிளம்புவதுபோல் இரைந்தன. மாப்பிள்ளையின் வேட்டி பறந்தது. ஐஸ் போட்ட மோர் ஒரு செம்பு உள்ளே போனது. அவர் உதடு லேசாகத் துடித்தது.

"ஐயையோ, வார்த்தை உதட்டுக்கு வந்துருச்சு!"

செல்லச்சாமி இரண்டிரண்டு படியாகத் தாவி மொட்டைமாடிக்கு ஓடினார். மோட்டாரைப் போட்டு, மாடி நனைந்தால் வீடு குளிரும் என்று தண்ணீரை வெள்ளமாகப் பாய்ச்சினார். கீழே சத்தமில்லை. வார்த்தை அடங்கிவிட்டது! மீசையை முறுக்கிக்கொண்டு வாசலை எட்டிப் பார்த்தார்.

மாடித் தண்ணீர் முழுவதும் குழாய் வழியே நேராக மிளகாயின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. இறங்கி வந்தவர் நனைந்த மிளகாய்க்கு நடுவில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"எல்லாம் போச்சு மாப்ள. கொஞ்ச நேரம் வாய மூடியிருக்கக் கூடாதா?"

மாப்பிள்ளையின் பற்கள் தந்தியடித்தன.

தோழி வீட்டுக்குப் போயிருந்த மகள் ஜெயப்பிரியா அப்போதுதான் உள்ளே வந்தாள். புருஷனைத் தொட்டுப் பார்த்துவிட்டு அலறினாள்.

"அய்யா! அவுக இரும்பு உருக்குற உலைக்கு முன்னாடி நின்னு வேலை பாக்குறவுக. நம்மூரு குளுரு தாங்காம, வந்ததுலருந்து ஒரு போர்வை கேக்கத்தான் வாயத் தொறக்குறாக!"