நான் வேட்டைக்காரன் அல்ல, மெத்தை வியாபாரி

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நீயும் உன் பேனாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா சௌக்கியம். என் மகள், அதான் உன் மருமகள், அளவுக்கு மீறிய சௌக்கியம். சௌக்கியம் இல்லாத ஒரே ஆள் நான்தான். அதற்கு முழுப் பொறுப்பும் நீ எழுதிய புலிக் கதைதான். போனில் சொன்னால் நீ சிரிக்கிறாய். அதனால் எழுத்தில் தருகிறேன்.

மருமகளுக்குப் பிறந்தநாள் பரிசாக உன் புத்தகம் வந்தபோது பெருமைப்பட்டவன் நான். மச்சான் எழுதியது என்று கடையில் விலை உயர்ந்த மெத்தையின் மேல் வைத்து வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினேன். குழந்தை சோறு தண்ணி இல்லாமல் படித்தாள். முடித்ததும் என்னைப் பார்த்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள், கீழிருந்து மேலே பார்த்தாள், எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள். என்ன ஏது என்று நானும் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். புலிகளைச் சுட்டுத் தோலை விற்கிற அந்த முள்மீசை என்கிற படுபாவிக்குத் தொப்பை. சரி, ஊரில் பாதிப் பேருக்குத் தொப்பை. மூக்கால் சிரிக்கிறான். அதுவும் போகட்டும். ஆனால் எந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலும் ரெண்டு தடவை அமுக்கி ஸ்பிரிங் பார்க்கிறானே, மச்சான், எந்தக் காட்டில் எந்த வேட்டைக்காரன் ஸ்பிரிங் பார்க்கிறான்? போதாக்குறைக்குப் புலித்தோலை மெத்தைக்குள் வைத்துத் தைத்துக் கடத்துகிறான்! கேட்டால், "எல்லாம் கற்பனை அத்தான்" என்கிறாய். உன் அக்காவிடம் நியாயம் கேட்டேன். "மீசை கொஞ்சம் வேற மாதிரிதான், ஆனா சிரிப்பு அப்படியே இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

அதோடு விட்டதா? புத்தகம் தெருவில் இருக்கிற அத்தனை பிள்ளைகள் கைக்கும் போய், புலிப்படை என்று ஒன்று கிளம்பி, அதற்குத் தலைவி என் மகள். கடைக்கு எதிரே நின்று என்னையே முறைக்கிறார்கள். கல்யாணம் ஆகப்போகிற ஒரு ஜோடி மெத்தை பார்க்க வந்தது. ஒரு வாண்டு போய், "அக்கா, உள்ள என்ன வச்சுத் தைச்சிருக்காருன்னு கிழிச்சுப் பாத்துட்டு வாங்குங்க" என்று சொல்ல, அவர்கள் போனவர்கள் போனவர்கள்தான். இந்த மீசையால்தானே வம்பு என்று சலூனுக்குப் போய் எடுத்துவிட்டு வந்தேன். வீட்டு வாசலிலேயே புலிப்படை கத்தியது: "ஒன்பதாம் அத்தியாயம்! ஒன்பதாம் அத்தியாயம்!" ஓடிப்போய்ப் பார்க்கிறேன், போலீசுக்குப் பயந்து உன் முள்மீசையும் அதில் மீசையை எடுக்கிறான்! ஏன்டா, ஒரு மனுஷனுக்கு ஒரு வழியாவது விட்டு வைக்க மாட்டியா?

இப்போ கேளு பெரிய கூத்தை. கடைக்குப் பின்னால் கால்வாய் ஓரம் என் கோடவுன் இருக்கிறதல்லவா, அதன் ஜன்னல் கண்ணாடி உடைந்து நாளாயிற்று. மாற்றணும் மாற்றணும் என்று தள்ளிப்போட்டது என் தப்புதான். அந்த வழியாக எட்டிப் பார்த்த புலிப்படை உள்ளே ஏதோ வரிவரியாய் அசையுதுன்னு கண்டுபிடிச்சு, உன் புத்தகத்தின் பின்னட்டையில் நீ அச்சடித்து வைத்திருக்கிற வனத்துறை நம்பருக்குப் போன் பண்ணிடுச்சு. கடை நிறைய ஆள் இருக்கிற நேரம் பார்த்து ஜீப் வந்து நிக்குது. அதிகாரியம்மா இறங்கி, "சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். கொத்தில் இருந்த எல்லாச் சாவியையும் போட்டுப் பார்த்தேன். பூட்டே திறக்க வரவில்லை. அந்த அம்மாவே வாங்கித் திறந்தார். உள்ளே முதுகு கிழிந்த பழைய சோபா. அதன் பஞ்சுக்குள் மூன்று குட்டிகள், உடம்பெல்லாம் வரி. என் மகள் குட்டிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, இதுங்க அம்மாவை என்ன பண்ணீங்க?"

மச்சான், நான் பெத்த பொண்ணு கேட்ட கேள்வி அது.

நல்லவேளை, அதிகாரியம்மா சிரித்துவிட்டார். "இது புலியில்லம்மா, காட்டுப்பூனை. குட்டியில வரி இருக்கும், வளர வளரப் போயிடும். அம்மா இரை தேடப் போயிருக்கும்" என்றார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் என் பக்கம் திரும்பி, "சார், தாய் குட்டிங்களைக் கூட்டிட்டுப் போற வரைக்கும் கோடவுன்ல யாரும் கால் வைக்கக் கூடாது. ஒரு சாமானும் வெளிய எடுக்கக் கூடாது" என்று சொல்லிப் பூட்டிச் சாவியோடு போய்விட்டார். புது லாட்ஜுக்குச் செய்த மெத்தை முழுக்க உள்ளே. லாட்ஜ்காரர் வெளியே என் சட்டையைப் பிடிக்காத குறை. என் மகள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. "தெரியாம கேட்டுட்டேன்" என்றாவது சொல்ல வேண்டாமா?

ஆகையால் முடிவாகச் சொல்கிறேன். மறுபதிப்பில் வேட்டைக்காரனை ஒல்லியாக, கண்ணாடி போட்ட, வேலைவெட்டி இல்லாமல் கதை எழுதுகிறவனாக மாற்றிவிடு. அந்த நம்பரை எடுத்துவிடு. அத்தான் உத்தமர் என்று மருமகளுக்கு உன் கைப்பட எழுதி அனுப்பு. அதுவரை உன் வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன், நீ கேட்ட கட்டில் மெத்தையும் கிடையாது.

கோபத்திலும் வாழ்த்தாமல் முடிக்க மனசு வரவில்லை. நீயும் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நீண்டகாலம் இருங்கள். உன் புத்தகம் மட்டும் இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்

பின்குறிப்பு: இதை மடித்துத் தபாலில் போடப் புறப்படும்போது லாட்ஜ்காரர் லாரியோடும் ஆட்களோடும் வந்துவிட்டார். "ஒரு பூனைக்காக என் திறப்பு விழா நிக்கணுமா? உடைங்கடா பூட்டை!" என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, போய்க் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். "தாயும் குட்டியும் இருக்கிற இடம். என்னைத் தள்ளிட்டுத்தான் உள்ள போகணும்" என்று கத்தினேன். உன் கதையில் வனக்காவலர் பேசுகிற வசனம் என்று பிறகுதான் உறைத்தது. மனுஷன் ஆர்டரை ரத்து செய்துவிட்டுப் போய்விட்டார். போகட்டும். திரும்பிப் பார்த்தால் புலிப்படை மொத்தமும் நிற்கிறது. என் மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா பேசுங்கப்பா, அம்மாப் பூனை வந்திருக்கு" என்றாள். ரெண்டு பேரும் ஜன்னல் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்து பார்த்தோம். குட்டிகளை அது நக்கி விடுகிற அழகைத் தாய்ப்புலிக்கு நீ எழுதியிருக்கிறாய்தான், ஆனால் பாதிகூட வரவில்லை. ஒன்றையும் மாற்றாதே. மேலே எழுதியதை யாரிடமும் காட்டாமல் கிழித்துப் போடு. வேறு தாள் எடுத்து எழுதலாம் என்றால் நேரமில்லை, "அப்பா, ஒண்ணு வெளிய எட்டிப் பாக்குது, ஓடி வாங்க!" என்று கூப்பிடுகிறாள். நான் போகிறேன்.